செயல்முறை வரைபடத்தின் தோற்றமும் விளைவும்
தொழிற்சாலை வேலையை எஃப். டபிள்யூ. டெய்லர் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தார். கொத்தனாராகத் தொழில் தொடங்கிய ஃபிராங்க் கில்பிரெத்தோ உடல் அசைவுகளைக் கணக்கிட்டார். செங்கல் கட்டுவேலையில் 18 அசைவுகளை அவர் 5 ஆகக் குறைத்ததால், மணிக்கு 120 செங்கற்கள் வைத்தவர் 350 வைத்தார் என டெய்லரே 1911இல் எழுதினார். ஃபிராங்க்கும் அவர் மனைவி லில்லியனும் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் செயல்முறை வரைபடத்தை முன்வைத்தனர். செய்தல், நகர்த்தல், சோதித்தல், காத்திருத்தல், சேமித்தல் என்னும் ஐந்துக்கும் உரிய குறியீடுகளை 1947இல் அச்சங்கம் தரப்படுத்தியது. காத்திருத்தலும் பதிவானதால், தொழிலாளியின் சோம்பல் எனப்பட்ட தாமதம் பல வேளைகளில் வேலை அமைப்பின் குறையே எனப் புலப்பட்டது. எனினும், கைத்திறன் தாளில் ஏறியபோது, வேலைமுறையைத் தீர்மானிக்கும் அதிகாரம் தொழிலாளியிடமிருந்து நிர்வாகத்திற்கு நகர்ந்தது. வரைபடத்தின் வரலாறு இவ்விரண்டையும் உள்ளடக்கியதாகும்.