பட்டியலும் பாட்டும்

மழை ஓயாத வட்டவளையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். 2021இல் இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிஃபையில் தான் சேர்த்த பாடல் பட்டியலை அவரது மகன் வேறொரு செயலிக்கு மாற்றிக்கொண்டிருந்தான். "பெயர்கள்தான் மாறும், மாமா. அங்கே அந்தப் பாட்டு இல்லாவிட்டால் விடுபட்டுவிடும்" என்றான்.

எனக்கு வேறொரு இடப்பெயர்வு நினைவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் தாலாட்டையும் ஒப்பாரியையும் நெஞ்சில் சுமந்து வந்தனர். பின்னர் கங்காணியும் கொழுந்தும் அப்பாடல்களில் புகுந்தன. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று.

இதனிடையே, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டிகளில் பாட்டறிந்த மூதாட்டியரும் ஏறினர்.

அச்சில் சொற்கள் தங்கின, மெட்டு தங்கவில்லை. அவ்வகையில் நூலும் ஒரு பட்டியலே. மறுபக்கத்தில் பாடும் குரல் வேண்டும். லயங்களில் அக்குரல்கள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. கைப்பேசியுள்ள பேரப்பிள்ளைகள் முதலில் பதிவுசெய்ய வேண்டியவை அவையே.