பத்து வெள்ளிப் பாடம்

பட்டமளிப்பு விழாக்களிலும் முன்னாள் மாணவர் ஒன்றுகூடல்களிலும் இன்று தவறாமல் ஒலிக்கும் சொற்றொடர் ஒன்று உண்டு. 'சமுதாயத்திற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்' என்பதே அது. வணிக மேலாண்மை கற்று, பெரிய நிறுவனங்களில் உயர்ந்த பதவிகளை அடைந்தவர்கள் இளைஞர்களுக்குத் தம் அனுபவங்களை எடுத்துரைக்கும்போது, பேச்சின் முடிவில் இந்த அறிவுரையையும் வைக்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆயினும் கொடுத்தல் வேறு, திருப்பிக் கொடுத்தல் வேறு. வாங்கியவன்தான் திருப்பிக் கொடுக்க முடியும். அப்படியானால் நாம் யாரிடம் வாங்கினோம்? எவ்வளவு வாங்கினோம்? அந்தக் கடன் எந்தக் கணக்கேட்டில் எழுதப்பட்டிருக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்படுவோமானால், அந்த வழி நம்மை நெகிரி செம்பிலானின் தோட்டங்களுக்கே கொண்டு சேர்க்கும்.

செம்மண் சாலையின் முடிவில்

நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழில் காப்பியோடு தொடங்கி ரப்பரில் வேரூன்றியது. 1891 ஆம் ஆண்டிலேயே சிரம்பானையும் போர்ட் டிக்சனையும் இணைத்து இரயில் பாதை போடப்பட்டது. உள்நாட்டில் விளைந்த பொருள் கடற்கரைக்குச் செல்ல வழி பிறந்தது. அதே கடலைக் கடந்து வந்த தமிழர்கள் லாபு, ரந்தாவ், ரெம்பாவ், தம்பின், கெமாஸ், பகாவ் எனப் பரந்து கிடந்த தோட்டங்களின் லயங்களில் குடியேறினர். கங்காணிகள் ஆள் சேர்த்து வந்த அந்தக் காலம், உதவித் தொகையுடன் கூடிய தொழிலாளர் பயணத்தை இந்திய அரசு 1938 இல் தடை செய்தபோது முடிவுக்கு வந்தது.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, இருள் பிரியும் வேளையில் மரத்தைச் சீவி, மங்கில் சொட்டும் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்து சென்றவர்களின் உழைப்பு செக்ரோலில் நாள் கணக்காகப் பதிவாயிற்று. கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தன. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. விதியை நிறைவேற்றுவதற்கென்றே நடத்தப்பட்ட பள்ளிகள் பல. ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள் என்பதே அன்றைய நிலை. பல இடங்களில் தோட்டத்துக் கிராணியே ஆசிரியராகவும் இருந்தார். ஆனாலும் அந்தப் பலகைச் சுவர்களுக்குள்ளிருந்துதான் நம்முள் பலருடைய எழுத்தறிவு தொடங்கிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

எனவே கடன் பட்டியலில் முதல் பெயர் எந்தச் செல்வந்தருடையதும் அன்று. தாம் எழுதப் படிக்கத் தெரியாதிருந்தும், பிள்ளையைப் பால் மரத்துக்கு அழைத்துச் செல்லாமல் பள்ளிக்கு அனுப்பிய தாய் தந்தையரின் பெயரே முதலில் வர வேண்டும். ஒரு பிள்ளையின் கை உதவியை இழப்பது அந்தக் குடும்பத்துக்கு அன்றாட வருவாயையே இழப்பதாகும். அந்த இழப்பே நம் சமுதாயத்தின் முதல் முதலீடு எனலாம்.

சிரம்பானில் தொடங்கிய கணக்கு

இரண்டாவது பாடம் தொழிற்சங்கத்தினுடையது. போர் முடிந்து பசியும் நோயும் தோட்டங்களை வாட்டிய 1946 ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதனை அமைப்பதில் முன்னின்றவர் பி. பி. நாராயணன். கேரளத்தின் திருச்சூரில் 1923 இல் பிறந்து மலாயாவுக்கு வந்த இளைஞர் அவர். ஆங்கிலக் கல்வி பெற்ற ஒருவர் அக்காலத்தில் அலுவலக வேலையில் அமர்ந்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தொழிலாளரின் பக்கம் நின்றார். 1954 இல் ஐந்து சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக உருவெடுத்தபோது அதன் பொதுச் செயலாளரானார். 1962 இல் ரமோன் மக்சேசே விருது பெற்றார். 1975 முதல் 1992 வரை அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராகவும் விளங்கினார். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தொடங்கிய ஒரு பணி உலக மேடை வரை சென்ற வரலாறு இது.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? சங்கத்தை நடத்தியது தொழிலாளர் மாதந்தோறும் கட்டிய சிறு சந்தா. தனியொரு வள்ளலின் கொடையை நம்பியிருந்தால், வள்ளல் மனம் மாறிய அன்றே சங்கமும் மறைந்திருக்கும். சிறு தொகைகளின் தொடர்ச்சியே பேரம் பேசும் வலிமையைத் தந்தது.

பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்

மூன்றாவது பாடமே இக்கட்டுரையின் மையமாகும். 1950 களில் வெளிநாட்டு நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டுச் சிறு துண்டுகளாக விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம் மூத்தவர்கள் இன்றும் கசப்போடு நினைவுகூரும் நிகழ்ச்சி அதுவே. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் ஆராய்ந்தார்கள் என்பதிலிருந்தே அதன் தீவிரம் புலப்படும். தோட்டம் துண்டானால் வேலை போகும்; வேலை போனால் லயத்து வீடு போகும்; வீடு போனால் கோயிலும் பள்ளியும் ஆளற்றுப் போகும். தலைமுறைகளாக உழைத்தவன் ஒரே மாதத்தில் நடுத்தெருவில் நின்றான்.

இதற்கு மருந்து தேடியவர் துன் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் 1919 இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தவர். அவர் மேடையில் முழங்கியதோடு நின்றுவிடவில்லை. மனு எழுதியதோடும் நின்றுவிடவில்லை. 'விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்கினால் என்ன?' என்று கேட்டார். 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, லயத்து வாசல்களில் நின்று, பால் மரம் சீவும் கைகளிடம் பத்து வெள்ளி கேட்டார்.

அந்நாளில் பத்து வெள்ளி என்பது பல நாள் உழைப்பின் கூலி. கடனும் நோயும் சூழ்ந்த குடும்பம் அதனை எடுத்துக் கொடுப்பதற்கு எத்தகைய நம்பிக்கை வேண்டும்! அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. அடுத்த ஆண்டே, 1961 இல், கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிற்று. அதன்பின் வேறு பல தோட்டங்களும் அதன் உடைமையாயின. துன் சம்பந்தன் 1979 இல் மறைந்தார். நெகிரி செம்பிலானின் பாஜாமில் உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ் எழுத்தாளர்களாகிய நமக்கும் இச்சங்கத்தோடு உறவுண்டு. கோலாலம்பூரில் அவர் பெயரால் அமைந்த கட்டடத்தில் நம் இலக்கிய விழாக்கள் எத்தனையோ நடந்திருக்கின்றன. தொழிலாளியின் பத்து வெள்ளி நிலத்தைக் காத்ததோடு நூலையும் காத்தது என்றால் அது மிகையாகாது.

வணிகப் பள்ளியில் முதலீடு, பங்கு, இடர், நிர்வாகம் என்று பல பாடங்கள் உள்ளன. அவை அத்தனையையும் நம் தோட்டத் தொழிலாளி 1960 லேயே ஒரு பத்து வெள்ளி ரசீதில் படித்துவிட்டான். சிதறிய சிறு பணம் திரண்டால் மூலதனம். திரண்ட மூலதனத்துக்கு ஒழுங்கான கணக்கு இருந்தால் நம்பிக்கை. நம்பிக்கை நிலைத்தால் நிறுவனம். இதைவிடச் சுருக்கமாக வணிகவியலைச் சொல்லிவிட முடியுமா?

தோல்வியும் ஓர் ஆசான்

வெற்றியை மட்டும் பாடுவது வரலாறாகாது. நெகிரி செம்பிலானின் ஜெம்போல் மாவட்டத்தில் 'கேட்கோ' நிலத் திட்டம் என்றொரு துயரக் கதையும் உண்டு. தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் வணிக முயற்சியாகத் தோன்றிய நிறுவனம், 1970 களில் அங்கு நிலம் பெற்று, தொழிலாளர் குடும்பங்களைக் குடியேற்றியது. காட்டைத் திருத்தினார்கள், கரும்பு நட்டார்கள், பின்னர் ரப்பர் நட்டார்கள். சொந்த நிலம் என்னும் கனவு அவர்களை அங்கே இழுத்து வந்தது. நிறுவனமோ கடனில் மூழ்கிக் கலைப்புக்கு உள்ளாயிற்று. நிலம் கைமாறியது. குடியேறியவர்கள் ஆண்டுக் கணக்கில் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார்கள்.

எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் பாடத்தைப் படிக்காமல் விடுவதும் அறமாகாது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினனின் கையில் பங்குச் சான்று இருந்தது. ஜெம்போலில் குடியேறியவனின் கையில் இருந்தது வாக்குறுதி. நிலப் பட்டாவோ நிறுவனத்தின் பெயரில் இருந்தது. நிறுவனம் விழுந்தபோது அவனும் சேர்ந்து விழுந்தான். நல்லெண்ணத்துக்கு எழுத்தும் வேண்டும், கணக்கும் வேண்டும், கேள்வி கேட்கும் உறுப்பினரும் வேண்டும். இவற்றை அந்நாளிலேயே எளிய தமிழில் விளக்கிச் சொல்லக் கற்றவர்கள் சிலர் ஊக்கமாக முன்வந்திருந்தால், அந்த மக்கள் இன்னும் விழிப்போடு கேள்வி கேட்டிருப்பார்கள் அல்லவா? படித்தவன் திருப்பிக் கொடுக்க வேண்டியது பணம் மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏணியில் ஏறியவர்கள்

1964 இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் பட்டம் பெற்றார் ஒரு மலேசியத் தமிழர். பின்னாளில் தொலைத்தொடர்பிலும் ஒளிபரப்பிலும் பெரும் நிறுவனங்களை உருவாக்கி, 2024 நவம்பரில் மறைந்த ஆனந்த கிருஷ்ணன் அவர்களே அவர். அவர் தோட்டத்துப் பிள்ளை அல்லர். பிரிக்பீல்ட்சில் வளர்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்தவர். எனினும் அவரது படிப்பும் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிலிருந்தே தொடங்கியது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கு அவரை அனுப்பியது கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளம். அதாவது, மாபெரும் செல்வரின் ஏணியில்கூட முதற்படி தமிழ்ப்பள்ளி, அடுத்த படிகளுள் ஒன்று பொதுப் பணம். தன் முயற்சியால் மட்டுமே உயர்ந்தேன் என்று எவரும் மார்தட்ட இயலாது.

ஏணியில் ஏறியவர்கள் அடுத்தவருக்கு அதைப் பிடித்து நிற்பதற்கும் நம்மிடையே எடுத்துக்காட்டு உண்டு. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளராக இருந்த டாக்டர் எம். தம்பிராஜா 1982 இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத்துப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். பல்கலைக்கழகம் சென்றவர்கள் வார இறுதிகளில் திரும்பி வந்து தம் தம்பி தங்கையருக்குப் பாடம் சொன்னார்கள். மாணவனே ஆசிரியனாகும் இந்தச் சுழற்சியில் கொடுப்பவன், வாங்குபவன் என்ற வேறுபாடே மறைந்துவிடுகிறது.

அடுத்த மாதம் வருவது யார்?

நீலாயிலும் லாபுவிலும் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் எழுந்துள்ளன. 1957 இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500 க்குச் சற்று மேலாகவே உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 60 பள்ளிகள் நெகிரி செம்பிலானில் இருக்கின்றன. பெயரில் மட்டும் தோட்டத்தைச் சுமந்துகொண்டு, தோட்டமே இல்லாத இடத்தில் நிற்கும் பள்ளிகளும் அவற்றுள் உண்டு.

அத்தகைய பள்ளி ஒன்றில் நடந்த முன்னாள் மாணவர் விழாவுக்கு ஒருமுறை சென்றிருந்தேன். பொறியியலாளர், கணக்காய்வாளர், நிறுவன இயக்குநர் எனப் பலர் வந்திருந்தனர். புத்தகப் பைகள் வழங்கினர், மாலைகள் மாற்றினர், படம் எடுத்துக்கொண்டனர். விருந்து முடியும் வேளையில், அந்தத் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவர் என்னருகே அமர்ந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. அடுத்த மாசமும் வருவீங்களா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அந்த வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

அவர் கேட்டது ஒரு பெரிய வணிகக் கேள்வி. ஒருநாள் கொடை விழாவாகும். மாதந்தோறும் வரும் பத்து வெள்ளியே நிறுவனமாகும். திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு ஒப்புரவறிதலுக்குத் தனியாக ஓர் அதிகாரம் வகுத்ததன் உட்பொருளையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். இரப்பவனுக்கு இடுவது ஒன்று. உடன் வாழும் உலகுக்கு உரியதைச் செய்வது மற்றொன்று.

வணிகம் கற்ற இளைஞர்களே, உங்கள் முன்னோர் உங்களிடம் மாளிகை கேட்கவில்லை. பள்ளி வாரியத்தின் கணக்கேட்டைச் சரிபார்க்க மாதத்தில் ஒரு மாலைப் பொழுது தாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அமர்ந்து, தெளிந்த கேள்வி ஒன்று கேளுங்கள். நிலம் வாங்கும் குடும்பத்துக்கு அதன் பத்திரத்தைப் படித்துச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத கைகள் கைநாட்டு வைத்துக் கட்டிய பத்து வெள்ளி நம் பெயரில் பற்று எழுதப்பட்டுக் கிடக்கிறது. அதை மாதந்தோறும் தவறாமல் கட்டி வருவதே நாம் செய்யத்தக்க கைம்மாறு.