அக்டோபர் 10 (அயர்லாந்து வரலாறு)

அக்டோபர் 10 கிரெகொரியின் நாட்காட்டியில் ஆண்டின் 283 ஆம் நாளாகும். நெட்டாண்டுகளில் 284 ஆம் நாள். அயர்லாந்தின் வரலாற்றில் இந்நாள் மதுவிலக்குப் போதகர் தியோபால்டு மாத்யூவின் பிறந்த நாளாகவும், ஐரியக் கடலில் நிகழ்ந்த மிகப்பெரும் கப்பல் பேரழிவின் நாளாகவும் அறியப்படுகிறது.

பிறப்பு

தியோபால்டு மாத்யூ 1790 ஆம் ஆண்டு இதே நாளில் டிப்பெரரி மாவட்டத்தின் தாமசுடவுனில் பிறந்தார். கப்புச்சின் சபைத் துறவியான இவர், கார்க் நகரின் ஏழைகளிடையே பணியாற்றினார். 1838 ஏப்ரல் 10 அன்று முழு மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கானோர் இவர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தனர். அமெரிக்காவில் அடிமைநிலையிலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளசும் 1845 இல் அவ்வாறு உறுதி எடுத்தவர்களுள் ஒருவர். பெரும் பஞ்சத்திற்குப் பின் இயக்கம் தளர்ந்தது. மாத்யூ 1856 இல் இறந்தார்.

லெய்ன்சுடர் கப்பல் மூழ்கடிப்பு

1918 அக்டோபர் 10 காலை, அஞ்சல் கப்பலான ஆர்.எம்.எசு. லெய்ன்சுடர், டப்ளினுக்கு அருகிலுள்ள கிங்சுடவுன் துறைமுகத்திலிருந்து (1920 முதல் டூன் லேரி) வேல்சின் ஹோலிஹெட் நோக்கிப் புறப்பட்டது. பொதுமக்களும் அஞ்சல் ஊழியரும் இருந்தபோதிலும், பயணிகளில் பெரும்பாலோர் விடுப்பு முடிந்து திரும்பிய, அல்லது விடுப்பில் சென்ற படைவீரர்களே. கிஷ் மணல்திட்டைக் கடந்த பின்னர், ராபர்ட் ராம் தலைமையிலான செருமானிய நீர்மூழ்கி யூபி-123 கப்பலைத் தாக்கியது. முதல் டொர்பீடோ குறி தவறியது. இரண்டாவது, கப்பலின் முன்பகுதியில் அஞ்சல் பிரிக்கும் அறை இருந்த இடத்தைத் தாக்கியது. அங்கு பணியிலிருந்த 22 அஞ்சல் பிரிப்பாளர்களில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். உயிர்காப்புப் படகுகள் இறக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது மூன்றாவது டொர்பீடோவும் தாக்க, கப்பல் விரைவில் மூழ்கியது.

முந்தைய புயலால் கடல் கொந்தளிப்பாக இருந்தமையால், படகில் ஏறியவர்களும் பலர் மீட்கப்படும் முன்னரே இறந்தனர். தலைமை மாலுமி வில்லியம் பர்ச் காயத்துடன் படகொன்றில் ஏற்றப்பட்டார். ஆயினும் மீட்புக் கப்பலின் அருகே அப்படகு கவிழ்ந்து அவரும் இறந்தார். மொத்த உயிரிழப்பு 500 இற்கும் அதிகம். இறந்தோருள் கார்க் நகரின் 19 அகவையினரான ஜோசபின் கார், எதிரியின் தாக்குதலில் உயிரிழந்த முதல் பிரித்தானியக் கடற்படை மகளிர் சேவை உறுப்பினர் ஆவார்.

போர் முடிய அப்போது ஒரு மாதமே இருந்தது. செருமனி ஏற்கெனவே போர்நிறுத்தம் கோரியிருந்தது. அக்டோபர் 14 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் அனுப்பிய பதில், பயணிகள் கப்பல்களை மூழ்கடிப்பது தொடரும்வரை போர்நிறுத்தம் இல்லை என்று வலியுறுத்தியது. சில நாட்களில் செருமனி அத்தகைய தாக்குதல்களை நிறுத்த ஆணையிட்டது. யூபி-123 நாடு திரும்பவேயில்லை. வட கடலின் கண்ணிவெடிப் பகுதியில் அனைத்து மாலுமிகளுடனும் அழிந்தது.

இறந்தோரில் மிகப்பலர் பிரித்தானியச் சீருடை அணிந்திருந்தமையால், விடுதலை பெற்ற அயர்லாந்தில் இந்நிகழ்வு நெடுங்காலம் பேசப்படவில்லை. பிற்காலத்தில் மீட்கப்பட்ட கப்பலின் நங்கூரம் டூன் லேரி கடற்கரையில் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டுள்ளது.

பிற நிகழ்வு

1969 - வட அயர்லாந்தின் காவல்துறை குறித்த ஹண்ட் அறிக்கை வெளியானது. 'பி' சிறப்புக் காவலர் படையைக் கலைக்க இது பரிந்துரைத்தது.