சிங்கப்பூர் நகர இன்பங்களும் சொற்கலப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கடன்சொல் ஆய்வுகள் பெரும்பாலும் வணிகம், சமயம், ஆட்சி ஆகிய துறைகளையே களமாகக் கொள்கின்றன. உண்டு களித்தல், கூத்துக் காணல் முதலிய நகர இன்பங்களின் வழியே பரவிய சொற்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. துறைமுக நகரமொன்றில் வெவ்வேறு மொழியினர் எவருடைய ஏவலுமின்றித் தாமே விரும்பிக் கூடும் இடங்கள் உணவுக்கடையும் ஆடரங்குமாகும். அங்கு நிகழ்ந்த மொழிக்கலப்பைச் சிங்கப்பூரின் வரலாற்றில் வைத்து நோக்குவதும், அது மொழிபெயர்ப்பாளர்க்கு எழுப்பும் சிக்கலைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. கூட்டமும் களிப்பும்

1819-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தளமாக நிறுவப்பெற்ற சிங்கப்பூரில் தென்சீனம், தமிழகம், சாவகம், மலாய்த் தீவுகள் ஆகியவற்றிலிருந்து மக்கள் வந்து குவிந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் அவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆடவராவர். சமைக்க இடமும் நேரமும் அற்ற அவர்களுக்குத் தெருவில் விற்ற உணவு இன்பம் மட்டுமன்றித் தேவையும் ஆயிற்று. விற்போரும் வாங்குவோரும் வேற்று மொழியினராக இருந்தமையால் இருவருக்கும் 'சந்தை மலாய்' பாலமாயிற்று.

ஆடரங்கிலும் இதே நிலையைக் காணலாம். 1870-களில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் 'பங்சாவான்' என்னும் மலாய் நாடக வகை உருப்பெற்றது. உயர்குடியினரைக் குறிக்கும் இச்சொல்லின் முற்பகுதி வடமொழி 'வம்ச' என்பதன் மலாய் வடிவமாகும். சிங்கப்பூரில் 1923-இல் ஜாலான் புசாரில் 'நியூ வேர்ல்ட்', 1931-இல் கிம் செங் சாலையில் 'கிரேட் வேர்ல்ட்', அதே பத்தாண்டின் பிற்பகுதியில் கேலாங்கில் 'ஹேப்பி வேர்ல்ட்' என மூன்று கேளிக்கைப் பூங்காக்கள் எழுந்தன. பங்சாவான், சீன இசைநாடகம், திரைப்படம், குத்துச்சண்டை, நடனக்கூடம் ஆகியன ஒரே மதிலுக்குள் அமைந்தன. சாவக நிழற்கூத்தைக் குறித்த 'வாயாங்' என்னும் சொல் இந்நகரில் சீனத் தெருநாடகத்திற்கும் பெயராயிற்று. கூத்துகள் அருகருகே நிகழ்ந்த சூழலில் சொல்லின் பொருள் விரிந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

2. குவளையும் தட்டும்

'தே ஓ கோசோங்' என்று தேநீர் கேட்பது இன்றும் சிங்கப்பூர் வழக்கு. 'தே' ஹொக்கியன் சீனத்திலிருந்து மலாய்க்கு வந்தது. 'ஓ' அதே சீன வழக்கில் கறுப்பு. 'கோசோங்' மலாயில் வெறுமை. பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் என்பது பொருள். தமிழர் இதனைத் தமிழ் வாக்கியத்தினுள் அப்படியே வைத்து வழங்குகின்றனர். 'கோப்பித்தியாம்' என்பதில் மலாய்க் 'கோப்பி'யும், கடை எனப் பொருள்படும் ஹொக்கியன் 'தியாம்' என்பதும் இணைந்துள்ளன. மலாயில் கடையைக் குறிக்கும் 'கெடை'யோ தமிழ்க் 'கடை'யின் வழிவந்தது. 'அப்பம்', 'கறி' ஆகியனவும் மலாயில் வேரூன்றிய தமிழ்ச் சொற்களே.

எனினும் ஒலியொப்புமை ஒன்றனையே கொண்டு முடிவு காண்டல் பொருந்தாது. 'சாத்தே' என்னும் இறைச்சி உணவின் பெயர் தமிழ்ச் 'சதை'யிலிருந்து வந்தது எனப் பலர் கூறினும், அதனை நிறுவும் சான்று வலுவுடையதன்று. இத்தகைய இடங்களில் மொழிப்பற்றினும் சான்றே ஆய்வாளர்க்குத் துணையாதல் வேண்டும்.

3. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

மலேசியாவில் 'ரொட்டி சானாய்' எனப்படும் உணவு சிங்கப்பூரில் 'ரொட்டி பிராத்தா' எனப்படுகிறது. இரண்டனையும் 'பரோட்டா' என்று பெயர்த்தால் உணவு விளங்கும். கதைமாந்தர் எந்நாட்டில் அமர்ந்து உண்கின்றனர் என்பது மறையும். 'கெடை' என்பதைக் 'கடை' எனப் பெயர்ப்பது சொற்பிறப்பு நோக்கில் சரியே. ஆயின் கடல் கடந்து மலாய்ச் சொல்லாகிவிட்ட அதன் வரலாறு அங்கு அழிந்துவிடும். எனவே ஊர்ப்பெயர் போன்று இடத்தைச் சுட்டும் சொற்களை ஒலிபெயர்த்துத் தருவதும், பொதுப்பொருளில் வருவனவற்றைத் தமிழாக்குவதும் ஏற்புடைய நெறியாகும்.

1971 முதல் 1986 வரையிலான காலத்தில் சிங்கப்பூர் அரசு தெரு வணிகர்களை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றியது. 2020-இல் இவ்வங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தெரு மறைந்தது, சந்தை மலாயின் இடத்தை ஆங்கிலம் பெரிதும் பற்றிக்கொண்டது. அப்பொதுமொழியின் எச்சம் நாள்தோறும் ஒலிக்கும் இடங்களுள் முதன்மையானது இவ்வங்காடியே. பட்டியலில் இடம்பெற்றதால் மட்டும் சொற்கள் நிலைத்துவிடுவதில்லை. பேசுவோர் உள்ளபோதே அவற்றை ஒலிவடிவோடும் வழங்கிடத்தோடும் தொகுத்து அயலகத் தமிழ் வழக்குச் சொல்லகராதி ஒன்றில் சேர்ப்பது மொழியியலார் உடனடியாக மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.