குழம்பு வழியாத எரிமலை

எரிமலைன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது செக்கச்செவேல்னு வழியற குழம்புதான். ஆனா எல்லா எரிமலையும் ஒரே ரகம் இல்லீங்க. அந்த வித்தியாசம் புரியாததால ஒரு ஊரே அழிஞ்ச கதை இது.

முதல்ல ரகங்களைப் பார்த்துடலாம். பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பில் சிலிக்கா கம்மியா இருந்தா நீர்க்க ஓடும். உள்ளே இருக்கற வாயு சுலபமா வெளியேறிடும். குழம்பு பரவிப் பரவி, கவிழ்த்து வெச்ச கேடயம் மாதிரி அகலமா மலை வளரும். ஹவாயின் மௌனா லோவா இப்படித்தான். கங்குகளும் சாம்பலும் வாயைச் சுத்திக் குவிஞ்சா அது கூம்பு எரிமலை. மெக்சிகோவில் 1943ல் ஒரு சோளக்காட்டில் முளைச்ச பரிகுட்டின் இந்த வகை.

சிலிக்கா அதிகமானா குழம்பு களி மாதிரி கெட்டி. வாயு வெளியேற வழியில்லாம அழுத்தம் ஏறி ஒருநாள் வெடிக்கும். சாம்பலும் குழம்பும் மாறி மாறிப் படிஞ்சு உயர்ற இதுதான் அடுக்கு எரிமலை.

கரீபியனில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு மார்த்தினிக். 1853லிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியா நம்ம ஜனங்க கரும்புத் தோட்டக் கூலிகளாப் போன தீவு. அங்கே பெலே மலையடியில் சேன்-பியேர் நகரம்.

1902 ஏப்ரல் கடைசியில் மலை சாம்பல் கக்க ஆரம்பிச்சது. மே 5 அன்னிக்குக் கொதிக்கும் சேறு இறங்கி ஒரு சர்க்கரை ஆலையையே மூடிடுச்சு. பயந்துபோன கிராமத்து ஜனங்க நகரத்துக்குத்தான் ஓடி வந்தாங்க. மே 11 தேர்தல் வேற. கவர்னர் அமைச்ச குழு, பள்ளத்தாக்குகள் கடலைப் பார்த்துத் திறப்பதால் ஊருக்கு ஆபத்தில்லைன்னு சொல்லிடுச்சு. நீர்த்த குழம்புக்கு அந்தக் கணக்கு சரிதான். பெலே அந்த ரகமே இல்லையே!

மே 8 காலை எட்டு மணி. குழம்பு வரலை. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த மேகம் சரிவில் உருண்டு இறங்கிச்சு. பள்ளம் மேடு எதுவும் அதைத் தடுக்கலை. சில நிமிஷத்தில் சுமார் 28,000 பேர் போயிட்டாங்க. ஊருக்கு வந்திருந்த கவர்னர் லூயி முத்தேயும் அதில் ஒருத்தர். நகரத்தில் பிழைச்சவங்களை விரல்விட்டு எண்ணிடலாம். அதில் ஒருத்தர், தடிச்ச சுவர் இருந்த சிறை அறையில் அடைபட்டிருந்த கைதி சிபாரி.

பிறகு அங்கே ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃப்ரெட் லக்ருவா, இதை 'எரியும் மேகம்'னு விவரிச்சார். இப்படிப்பட்ட வெடிப்புக்கு இன்னிக்கும் 'பெலே வகை'ன்னுதான் பேர்.

அடுத்த தடவை எரிமலைச் செய்தி வந்தா, குழம்பு எந்தப் பக்கம் ஓடும்னு கேக்கறதுக்கு முன்னாடி, அது எந்த ரகம்னு கேளுங்க.