அப்பர் தோளில் சாய்ந்த கருவி

திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் குடிவந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். மழை ஓய்ந்த ஒரு கார்த்திகைக் காலையில் மதிலோரம் வந்து நின்று, "தம்பி, உங்களிட்ட உழவாரம் இருக்கே? முத்தமெல்லாம் புல்லு மண்டிப் போச்சு, செருக்க வேணும்" என்றார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. உழவாரம் நான் அறியாத சொல் அல்ல. ஆனால் எனக்கு அது கோயிலில் மட்டுமே வழங்குகிற சொல். அப்பர் சுவாமிகள் கையில் இருப்பது உழவாரம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கோயில்களுக்குப் போய் முள்ளும் புதரும் களைகிற அன்பர்கள் தங்கள் வேலைக்கு உழவாரப்பணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொல்லைப்புறத்தில் சாத்திவைத்திருக்கும் சாமானைக் கேட்பது போல அதை ஒருவர் கேட்டு நான் அறிந்ததில்லை.

"மண்வெட்டியைச் சொல்றீங்களாம்மா?"

"இல்லைத் தம்பி. மண்வெட்டி கொத்துறதுக்கு. இது செருக்குறதுக்கு. அப்பர் சுவாமி தோளிலை சாத்தி வைச்சிருக்கிறார் எல்லோ, அது."

அன்று அவருக்கு என்னால் ஒரு களைக்கொத்தைத்தான் எடுத்துக் கொடுக்க முடிந்தது. வாங்கிக்கொண்டு போனார், ஆனால் முகத்தில் திருப்தி இல்லை. அவர் கேட்ட சொல் என்னை விடவில்லை.

யாழ்ப்பாணப் பேச்சில் புல்லைச் செதுக்குவதற்குச் செருக்குதல் என்று பெயர். செருக்க உதவும் கருவி உழவாரம். அங்கே அது முற்றத்துச் சாமான். தமிழ்நாட்டிலோ அந்தக் கருவியைப் புல்செதுக்கி என்று சொல்லிவிட்டோம். உழவாரம் என்ற பெயரைக் கோயில் வாசலுக்குள் அனுப்பிவிட்டோம். ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் பூசைக்குரியதாகவும் அந்தப் பக்கம் புழக்கத்திலும் இருக்கிறது. அந்தப் பக்கம் அது புழக்கத்தில் இருப்பதால் பக்தி குறைந்துவிடவில்லை. 1852-இல் பெரியபுராணத்தை எல்லோரும் படிக்கும் வசனமாக அச்சிட்டுத் தந்த ஆறுமுக நாவலரின் ஊர் அது. கோயிலில் புராணம் படித்துப் பயன் சொல்லுகிற வழக்கம் ஊன்றிய மண் அது. அப்பர் கதையைக் கோயிலில் கேட்டுவிட்டு வீடு திரும்பிய ஒருத்தி, அதே பெயருள்ள கருவியைக் கையில் எடுத்துப் புல் செருக்கியிருப்பாள். கதையில் வரும் உழவாரத்துக்கு அவளுக்கு உரை தேவைப்பட்டிருக்காது. எனக்குத் தேவைப்பட்டது.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். முன்பாதியில் உழுதல் வெளிப்படையாகவே நிற்கிறது. உழவு, உழவர் எல்லாம் அதன் சுற்றம். பின்பாதியான 'வாரம்' என்பதில் என் மனம் 'வாருதல்' பக்கமே சாய்கிறது. தலை வாருகிறோம். சிந்திய நெல்லை வாரி எடுக்கிறோம். துடைப்பத்துக்கு வாருகோல், வாரியல் என்று பெயர் உண்டு. மேற்பரப்பை ஒட்டி இழுத்துச் சேர்ப்பதுதான் வாருதல். அப்படிக் கொண்டால் கலப்பையின் வேலையில் பாதியும் துடைப்பத்தின் வேலையில் பாதியும் ஒரு கருவிக்குள் வந்து சேர்ந்த பெயர் இது. கருவியின் அமைப்பும் அதையே சொல்கிறது. மண்வெட்டியின் இலை காம்புக்குக் குறுக்கே நிற்கும். ஓங்கிப் போட்டால் மண்ணுக்குள் இறங்கும். உழவாரத்தின் அலகு காம்பின் போக்கிலேயே நேராக நீண்டு, முனையில் விரிந்து பட்டையாக இருக்கும். ஓங்கவே வேண்டாம். தரையோடு தரையாக வைத்து முன்னே தள்ளினால் புல்லின் கழுத்தில் அலகு பாயும். புல் போகும், தரை குழிபடாது. பலர் வலம் வருகிற திருச்சுற்றில் மண்வெட்டி போட்டால் மேடும் பள்ளமும்தான் மிஞ்சும். உழவாரம் போன வழி நடக்க இதமாக இருக்கும். நெருஞ்சி கிடந்த இடத்தில் வெறுங்காலோடு சுற்றி வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உள்ளங்காலிலேயே தெரியும்.

இனி, அப்பர் கருவிக்கு வழங்கும் 'உழவாரப்படை' என்ற பெயர். படை என்றதும் சேனையும் ஆயுதமும்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் படை என்பது கருவிக்கும் பெயர், கலப்பைக்கும் பெயர். ஏர் கீறிய கோட்டைப் படைச்சால் என்பார்கள். ஆகவே உழவாரப்படை என்று சொன்ன புலவர் புல்செதுக்கியை வலிந்து வாளாக்கிவிடவில்லை. உழவர் வீட்டுச் சொல்லைத்தான் எடுத்தாண்டார். ஆனால் அப்பர் கதையில் பல்லவ மன்னன் இருக்கிறான், நீற்றறை இருக்கிறது, மதயானை இருக்கிறது, கல்லோடு சேர்த்துக் கடலில் தள்ளும் கொடுமை இருக்கிறது. அத்தனைக்கும் எதிரே நின்றவர் கையில் இருந்த ஒரே படை புல் செதுக்குவது என்று எண்ணும்போது, அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒருங்கே ஒலிப்பதை நான் தடுக்க விரும்பவில்லை.

அப்பர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டில். அவர் வரலாற்றை விரித்துப் பாடிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தவர். நம் மனத்தில் இன்று நிற்கிற உழவாரத்தை அங்கே ஊன்றிவைத்தவர் சேக்கிழார்தான். திருவாமூரில் வேளாளர் குடியில் மருள்நீக்கியாராகப் பிறந்த அப்பர், சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆகிறார், சூலை நோயால் துடித்துத் திருவதிகைக்குத் தமக்கையைத் தேடி வருகிறார். இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். திலகவதியார் தம்பிக்குத் திருநீறு தந்து, விடியுமுன் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அப்போது அவர் கையில் இருப்பவை திருவலகு, திருமெழுக்கு, தோண்டி. அதாவது துடைப்பம், சாணம், நீர்க்குடம். மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்தபின், தம்பிக்காகவே உயிர் தாங்கிய அந்த அம்மையார் பல ஆண்டுகளாகக் கோயிலில் செய்துவந்த வேலை அதுதான். நோய் தீர்ந்து, நாவுக்கரசு என்ற பெயரும் பெற்ற தம்பி, மனத்தாலும் வாக்காலும் உடலாலும் தொண்டு செய்யத் துணிகிறார். அந்த வேளையில் அவர் கைக்கு உழவாரம் வருகிறது. கைத்தொண்டு என்ற சொல்லும் கூடவே வருகிறது. அக்காவின் துடைப்பம் இல்லையென்றால் தம்பியின் உழவாரம் இல்லை. அப்பர் படிமத்தின் அருகே திலகவதியார் படிமமும் அலகோடு நிற்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை உண்டு.

கைத்தொண்டுக்குச் சேக்கிழார் கொடுக்கும் மதிப்பு எவ்வளவு என்று திருவீழிமிழலைக் கதையில் பார்க்கலாம். பஞ்ச காலம். அடியார்களுக்கு அமுது படைக்க இறைவன் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு தருகிறார். அப்பர் காசு கடைத்தெருவில் அப்படியே செல்லுகிறது. சம்பந்தர் காசுக்கு மட்டும் வாசி கேட்கிறார்கள், அதாவது வட்டம் கழிக்கிறார்கள். அதனால் சம்பந்தர் மடத்தில் சோறு நேரம் கழித்துத்தான் ஆகிறது. ஏன் இந்த வேறுபாடு? அப்பர் கையால் தொண்டு செய்கிறவர், அதனால் அவர் காசுக்கு வாசி இல்லை. ஞானப்பால் உண்ட பிள்ளைக்கும் இறைவன் இதைக் காட்டிக்கொடுக்கிறார். வேர்வைக்குக் கழிவு கிடையாது என்பதை ஒரு புராணம் இவ்வளவு துணிந்து சொல்லும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை. சம்பந்தர் அதற்காக ஒரு பதிகமே பாடி வாசி தீரக் கேட்டுப் பெறுகிறார். அந்தப் பிள்ளைமை உரிமையும் இனிமையானதுதான்.

கருவி கதையையே நடத்துவது திருப்புகலூரில். முதுமையில் அப்பர் அங்கே தங்கி உழவாரத் தொண்டு செய்கிறார். அவர் அலகு போகும் இடமெல்லாம் பருக்கைக் கற்களோடு பொன்னும் மணியும் மின்னுகின்றன. இறைவன் வைத்த சோதனை. அப்பர் கல்லையும் பொன்னையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் உழவாரத்தில் ஏந்திப் பக்கத்துத் தாமரைக் குளத்தில் வீசிவிடுகிறார். இதில் எனக்குப் பிடித்தது அவருடைய துறவைவிட அவருடைய வேலை ஒழுங்குதான். திருமுற்றத்தில் காலை உறுத்துகிற எதுவும் கிடக்கக் கூடாது. நெருஞ்சி உறுத்தும், கல் உறுத்தும், வைரமும் உறுத்தும். முற்றத்தைத் துப்புரவாக்க வந்தவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே வகைக் குப்பை. அதன்பின் வந்து ஆடிய அரம்பையரையும் அவர் அப்படியே கடந்து போனார். சித்திரைச் சதயத்தில் அவர் இறைவனடி சேர்ந்ததும் அதே ஊரில்.

சிற்பிகள் இந்தச் சொல்லைச் செம்பில் வார்த்தார்கள். சமயக் குரவர் நால்வரை வரிசையாக நிறுத்தினால் சம்பந்தரைக் குழந்தை உருவத்தால் அறியலாம், சுந்தரரை மணக்கோலத்தால் அறியலாம், மாணிக்கவாசகரை ஏட்டால் அறியலாம். அப்பருக்குத் தலை மழித்த வடிவம், கூப்பிய கைகள், உருத்திராக்கம். தோளில் சாய்ந்த உழவாரம். முதன்முதலில் என் தங்கை மகன் அதைப் பார்த்து, "மாமா, இவரு படகு ஓட்டுவாரா?" என்று கேட்டான். கல்லே தெப்பமாகக் கடலில் மிதந்து வந்தவர் கதையை அவனுக்கு அதற்கு முன்தான் சொல்லியிருந்தேன். அதனால் துடுப்பு என்று நினைத்ததில் தவறில்லை. கூப்பிய கையால் கருவியைப் பிடிக்க முடியாது. அதனால் தச்சரும் கன்னாரும் அதைத் தோளுக்கும் முழங்கைக்கும் இடையே சாய்த்து வைத்தார்கள். கும்பிடும் நேரத்திலும் கருவியைக் கீழே வைக்காதவர் என்று அந்த வடிவம் சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தாராசுரம் கோயிலில் அடியார் கதைகளைச் சாண் உயரச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் குனிந்து நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் சொல் இன்னொரு பக்கம் நகர்ந்துவிட்டது. கருவிப் பெயர் வேலைப் பெயராகி, வேலைப் பெயர் கூட்டத்தின் பெயராகவும் ஆயிற்று. 'உழவாரம் போகிறோம்' என்றால் மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, துடைப்பம், வாளியோடு ஒரு வண்டி நிறையப் பேர் போகிறார்கள் என்று பொருள். அந்த வண்டியில் உழவாரம் மட்டும் இருக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோபுரத்தில் பறவை எச்சத்தால் முளைத்த ஆலையும் அரசையும் புல்செதுக்கியால் எடுக்க முடியாது. செங்கல்லும் சுதையும் பிரியும்படி வேர் இறங்குமுன் ஏறிப் பிடுங்க வேண்டும். அதற்கு வேறு கருவி வேண்டும். பெயர் மட்டும் அப்பர் கையிலிருந்து வருகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயிலைத் துப்புரவாக்குகிறோம் என்று கல்லின் மேல் சாண்ட் பிளாஸ்டிங் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அழுக்கோடு கல்வெட்டு எழுத்தும் உதிர்ந்துபோகிறது. எண்ணூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு எழுத்து. புல்லின் கழுத்தை மட்டும் அறுத்துத் தரையை விட்டுவைக்கிற கருவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

பொங்கலுக்கு முன்பு யாழ்ப்பாணத்து அம்மாவை ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லி, கொல்லுப்பட்டறைக்கு எடுத்துப் போனேன். கொல்லர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புல்செதுக்கிதானே, காம்பு மட்டும் நீளமா வேணுமா?" என்று கேட்டார். இரண்டு அடிக்கச் சொன்னேன். ஒன்றை அந்த அம்மாவிடம் கொடுத்தபோது அலகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "கொஞ்சம் தடிப்பு. தேயத் தேயச் சரிவரும்" என்றார். அன்று மாலையே அவர் முற்றம் சாணம் தெளித்துக் கோலம் போடுகிற மாதிரி ஆகிவிட்டது.

மற்றதை அடுத்த ஞாயிறு உழவாரப்பணிக்குக் கொண்டுபோனேன். காவிரிக் கரையில் ஒரு சின்னக் கோயில். தெற்குத் திருச்சுற்றில் கோரையும் நெருஞ்சியும் முழங்கால் உயரம். அரை மணி நேரம் தள்ளியதில் தோள் கடுத்தது. நிமிர்ந்தபோது கை தானாகவே கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டது. பக்கத்தில் வாளியோடு நின்ற பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. தோளில் இருந்ததைப் பார்த்தார். இரண்டு கையும் கூப்பினார்.