எரிந்த கோபுரமும் இரண்டு கையெழுத்துகளும்

2019 ஏப்ரல் 15 மாலை பாரீஸ் நோத்ருதாம் தேவாலயத்தின் கூரை எரிந்து, அதன் ஊசிக்கோபுரம் முறிந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த நண்பர் ஒருவர், "எண்ணூறு வருஷத்துக் கோபுரம் போச்சே" என்று அங்கலாய்த்தார். தேவாலயம் 1163இல் தொடங்கப்பட்டது, சரி. ஆனால் விழுந்த கோபுரத்தின் வயது 160தான். 13ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கழற்றிவிட்டார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனின் பாஷையில் சொன்னால், உலகம் அழுதது ஓர் இடைச்செருகலுக்காக.

இந்த இடைச்செருகலின் மூலம் ஒரு போட்டி. தேவாலயத்தைப் புதுப்பிக்க அரசு நடத்திய போட்டியில் 1844இல் தேர்வானவர்கள் லாசுஸும் வியோலே-லெ-துக்கும். பின்னவருக்கு அப்போது வயது 30. லாசுஸ் 1857இல் இறந்துபோக, 1859இல் எழுந்த கோபுரம் வியோலே-லெ-துக்கினுடையது. புதுப்பித்தல் என்பது அவருக்குப் பழுது நீக்குவதல்ல. எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமையைக் கட்டிடத்துக்கு வழங்குவது. சுவடியில் இல்லாத வரியை 'இருந்திருக்க வேண்டும்' என்று எழுதிச் சேர்க்கும் பதிப்பாசிரியனின் துணிச்சல் இது. கோபுரத்தின் அடியில் நின்ற செப்புச் சிலைகளில், கட்டிடக்கலைஞர்களின் புனிதரான தோமாவுக்குத் தன் முகத்தையே கொடுத்து, கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்படி வைத்தார். பதிப்பாசிரியன் ஆசிரியனாகிவிட்டான்.

இன்னொரு கையெழுத்தும் இருந்தது. கோபுரத்தின் உள்ளே, நடுமரத்தில் அடித்த ஒரு தகட்டில், தச்சர்களின் தலைவரான ஜார்ஜ் என்பவரின் பெயரும் அவர் சார்ந்த தொழிலாளர் சங்கத்தின் பெயரும் இருந்தன. மேலே ஏறுகிறவர் மட்டுமே வாசிக்கக்கூடிய பிரதி. வரைந்தவருக்கு வெளியே முகம். செய்தவருக்கு உள்ளே பெயர். தீக்கு நான்கு நாள் முன்பு பழுதுபார்ப்பதற்காக இறக்கியிருந்ததால் செப்புச் சிலைகள் தப்பின. நடுமரம் எரிந்தது.

தீ அணைந்த இரண்டாம் நாளே, புதிய கோபுரத்துக்குச் சர்வதேசப் போட்டி என்று பிரதமர் எதுவார் பிலிப் அறிவித்தார். கண்ணாடிக் கூரை, பசுமைத் தோட்டம், நீச்சல்குளம் என்று படங்கள் குவிந்தன. போட்டி நடக்கவேயில்லை. 2020 ஜூலையில், இருந்தபடியே கட்டுவதென்று முடிவானது. மரபு வென்றது என்றார்கள் சிலர், நவீனம் தோற்றது என்றார்கள் சிலர். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. இரு தரப்பும் கேட்டது 'எந்த வடிவம்?' என்பதை மட்டும்தான்.

கேட்காத கேள்வி காரீயம். கூரையிலும் கோபுரத்திலும் இருந்தது 400 டன்னுக்கும் மேல். பணியாளர்களுக்குக் காரீயத்திலிருந்து போதிய பாதுகாப்பு இல்லையென்று 2019 ஜூலை இறுதியில் வேலையே சில வாரம் நிறுத்தப்பட்டது. தொழிற்சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எச்சரித்தன. ஆனாலும் 'இருந்தபடியே' என்றால் காரீயமும் இருந்தபடியே. 'அசல்' என்ற சொல்லுக்குள் ஒரு நஞ்சு எவ்வளவு சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது!

தேவாலயம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. கோடரியால் உத்திரம் செதுக்கிய தச்சர்களைக் காமிராக்கள் கொண்டாடின. ஆனால் போட்டி விடவில்லை. தீயில் சேதமாகாத, வியோலே-லெ-துக் காலத்து ஆறு சன்னல்களுக்குப் புதிய ஓவியக் கண்ணாடி வேண்டுமென்று 2023 டிசம்பரில் ஜனாதிபதி மக்ரோன் போட்டி அறிவித்தார். தேசியப் பாரம்பரியக் குழு 2024 ஜூலையில் ஒருமனதாக எதிர்த்தது. எல்லாக் காலத்தின் பங்களிப்பையும் மதிக்கச் சொல்லும் 1964 வெனிஸ் சாசனத்தைப் பலரும் நினைவூட்டினார்கள். டிசம்பரில் ஓவியர் கிளேர் தபூரே தேர்வானார்.

புதுமை கூடாதென்பதல்ல என் வாதம். வியோலே-லெ-துக்கே ஒரு காலத்துப் புதுமைதான். போட்டி என்ற அமைப்பு ஒரு கட்டிடத்தைக் கையெழுத்திடும் தாளாக்கிவிடுகிறது. நடுவர் மேசையில் வரைபடத்துக்கு இடமுண்டு, தூசியைச் சுவாசிக்கப்போகிறவருக்கு நாற்காலி கிடையாது. அடுத்த போட்டியின் விதிகளை எழுதுபவர்கள், ஜார்ஜின் தகட்டை எங்கே அடிப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.